மூன்றாம் நகல்

துறைமுகம் மூடி நான்கு நாள்.
புந்தா அரேனாஸில் காற்று
ஆளைச் சாய்க்கத் தொடங்கினால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தோம்.
வேலை இல்லை.
கம்பளி மூட்டைகள் கூரைவரை.
கப்பல் நீரிணையில் எங்கோ நங்கூரமிட்டு
எங்களைப் போலவே சும்மா.

ஆரம்பித்தவன் மிலென்கோ.
தேதி போன சரக்குச் சீட்டுக் கட்டு,
தாளுக்கு மூன்று நகல்:
வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு.
"எது தூரம் போகும்?"
அவ்வளவுதான் கேட்டான்.
மூட்டைகளுக்கு நடுவே நாற்பது மீட்டர் சந்து,
காற்று நுழையாத ஒரே இடம் இந்த ஊரில்.

நான் கணக்கெழுதுகிறவள்.
அளவுநாடா என் கைக்கு வந்தது,
கூடவே சட்டம் போடும் குணமும்:
ஒரே ஆள் எறிய வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை.
கோட்டைத் தாண்டினால் செல்லாது.

வெள்ளையில் ஈட்டி மூக்கு:
பதினெட்டு, பதினேழரை, பதினெட்டு.
நேரே போய் நேரே விழுகிறது,
அரசாங்கக் கடிதம் மாதிரி.
மஞ்சளில் அகன்ற சிறகு:
பதினொன்று. இருபத்திரண்டு. நான்கு.
அதன் புத்தி அதற்கே பிடிபடவில்லை.
வால் விளிம்பை அரிசியளவு மேலே வளைத்தால்
மூக்கு நிமிர்கிறது.
இன்னும் கொஞ்சம் வளைத்தால்
கரணம் அடித்து
எறிந்தவன் பூட்ஸிலேயே வந்து குத்துகிறது.

இளஞ்சிவப்புதான் மெல்லிய தாள்.
மூன்றாம் நகல்; யாரும் படிக்காதது.
எறிந்தால் தயங்குகிறது,
மூட்டைகளின் வெதுவெதுப்பில் சற்றே எழும்பி
விழ மறந்ததுபோல் போகிறது.
ஒன்று உத்தரத்தில் செருகிக்கொண்டது.
எத்தனை மீட்டர் என்று எழுதுவது?
"இன்னும் இறங்கவில்லை என்று எழுது" என்றான் மிலென்கோ.
எழுதினேன்.

மதியத்துக்குமேல் எல்லாத் தூரமும் குறைந்தது.
தாள்மீது சந்தேகப்பட்டோம், ஈரம் என்றோம்.
கடைசியில் பார்த்தால் மிலென்கோவின் தோள்,
போன குளிர்காலத்தில் மூட்டை விழுந்த தோள்.
அன்றிலிருந்து
நேரத்துக்கென்று ஒரு பத்தி சேர்த்தேன்.

ரொசமெல் அதுவரை ஒன்றும் மடிக்கவில்லை.
சிலோயே தீவுக்காரன்; வாயைத் திறந்தால்
அடுப்புக்கு விறகு வேண்டும் என்பதற்காகத்தான் இருக்கும்.
சட்டைப்பையிலிருந்து ஏதோ தாளை எடுத்தான்.
கொக்கியின் முதுகால் மடிப்பை இழுத்துத் தேய்த்தான்.
இரு சிறகும் சமமில்லை; கண்ணுக்கே தெரிந்தது.
மிலென்கோ சிரித்துக்கொண்டே எறிந்தான்.

முப்பத்தொன்று.
நாடாவை மறுபடி பிடித்தேன்.
முப்பத்தொன்றும் ஒரு சாணும்.
அடுத்தது முப்பது.
மூன்றாவது, கதவில் மோதி நின்றதால்
எவ்வளவென்று தெரியாது.

எப்படி? எந்த மடிப்பு?
பிரித்தால்தான் தெரியும்.
பிரித்தோம்.

இடமாற்ற விண்ணப்பம். வல்தீவியா கிடங்குக்கு.
காரணம் என்ற இடத்தில்
அவன் கையெழுத்தில் ஒரு வரி தொடங்கி
பாதியில் அடித்திருந்தது.
வல்தீவியாவில் மழைதான், காற்று இல்லை என்பார்கள்.
தேதி போன வருஷத்தது.

மிலென்கோ தன் தோளைத் தடவிக்கொண்டான்.
நான் நாடாவைச் சுற்றினேன்,
சுற்ற வேண்டியதைவிட மெதுவாக.
"மறுபடி மடிக்கட்டுமா?" என்றான் ரொசமெல்.
அதே கோடுகள், அதே கொக்கி, அதே தோள்.

ஒன்பது மீட்டர்.
பிறகு ஏழு.
ஒருமுறை பிரித்த தாளுக்கு
தன் முதுகெலும்பு எங்கே என்று மறந்துவிடுகிறது.
அல்லது நாங்கள் எறிந்த விதம் மாறிவிட்டது.
இரண்டில் எது என்று சோதிக்க
எங்களிடம் வேறு தாள் இருந்தது.
யாரும் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் விடிய, கப்பல் ஊதியது.
நூற்றுப்பன்னிரண்டு மூட்டைகள் இறக்கி
பெருங்கதவை அகலத் திறந்தோம்.
காற்று உள்ளே வந்து
நான்கு நாள் ஆராய்ச்சியை ஒரே வாரலில்
கூரைக்கும் தரைக்குமாக எறிந்து பார்த்தது,
ஈட்டி, அகலம், வெள்ளை, மஞ்சள் என்று பாராமல்.
ரொசமெல் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு
ஒன்றே ஒன்றைத் துரத்திப் பிடித்தான்.
எதை என்று நான் பார்க்கவில்லை.

என் ஏட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது:
முப்பத்தொன்றும் ஒரு சாணும். மடித்தது: ரொசமெல்.
காரணம்: